காண்டாக்ட் லென்ஸும் கருவிழிச் சோதனையும்: எங்கே சிக்கல், எங்கே இல்லை

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகைக் கருவியோடு கருவிழியைப் படிக்கும் கருவியும் வந்த பிறகு, காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. லென்ஸோடு போனால் கருவி நம்மை அடையாளம் காணுமா? கூடவே இன்னொரு சந்தேகம்: லென்ஸ் போட்டுக்கொண்டு வேறொருவராக நடிக்க முடியுமா? ஒரே கேள்வியின் இரு பக்கம் போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் விடை வேறு.

நிறமில்லாத பவர் லென்ஸ் பெரும்பாலும் தொல்லை தராது. மேலே கோலம் அச்சடித்த கலர் லென்ஸ், பதிவில் இருக்கும் ஆளையே கருவிக்குத் தெரியாத ஆளாக்கிவிடும். ஆனால் ஒருவரை இன்னொருவராகக் காட்டுவது அதற்கு மிகக் கடினம். தெரியாத ஆளாவது ஓர் இடத்தில் வெறும் அலைச்சல். வேறோர் இடத்தில் அதுவே பாதுகாப்பில் பெரிய ஓட்டை. எந்த இடத்தில் எது என்று புரிய, கருவி எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## கருவி பார்ப்பது எதை

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் துளைதான் பாப்பா. அதைச் சுற்றி வளையமாக இருக்கும் நிறமுள்ள படலம் ஐரிஸ். கருவிழிப் பதிவு என்று நாம் சொல்வது இந்த வளையத்தின் படத்தைத்தான். அதற்கு முன்னால், ஒளி ஊடுருவும் மூடியாக கார்னியா இருக்கிறது. கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையை இந்தக் கருவி பார்ப்பதே இல்லை.

காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் மேல், கண்ணீர்ப் படலத்தில் மிதக்கிறது. அதாவது கேமராவுக்கும் ஐரிஸுக்கும் நடுவில். எல்லாச் சிக்கலும் இந்த இடத்தால் வருகிறது.

ஐரிஸின் மேற்பரப்பில் இழைகள், குழிகள், மேடுகள், வளையங்கள் என்று ஏராளமான நுண்ணமைப்புகள் உண்டு. அவை ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளின் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும்கூட வேறு. ஒரே கருவில் உருவான இரட்டையருக்கும் வேறு. இதை அடையாளமாகப் பயன்படுத்தும் யோசனைக்கு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் லெனார்ட் ஃப்ளாம், ஆரன் சஃபிர் இருவரும் 1987இல் காப்புரிமை பெற்றார்கள். அதைக் கணினி செய்யக்கூடிய கணக்காக மாற்றியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அவருடைய முறை 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. இன்றைய பல கருவிகளின் அடிப்படை அதுதான்.

வேலை நடக்கும் வரிசை இது:

1. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணின் மேல் பாய்ச்சிக் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு அடர்ந்த பழுப்புக் கண். சாதாரண வெளிச்சத்தில் அதன் நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் நுண்ணமைப்பு சரியாகத் தெரியாது. இந்த ஒளியில் நிறமியின் தடை குறைந்து, இழைகள் துலங்கும்.

2. படத்தில் இரண்டு எல்லைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே பாப்பாவின் விளிம்பு, வெளியே வெண்விழி தொடங்கும் விளிம்பு. இமை, இமைமுடி, ஒளி பிரதிபலித்த புள்ளி ஆகியவை மறைக்கும் பகுதிகளை "கணக்கில் சேர்க்காதே" என்று குறித்துவைக்கிறார்கள்.

3. இரண்டு எல்லைக்கும் இடையிலுள்ள வளையத்தை நீட்டி ஒரு செவ்வகமாக்குகிறார்கள். பாப்பா சுருங்கினாலும் விரிந்தாலும் ஒப்பிட முடிவது இதனால்தான்.

4. அந்தச் செவ்வகத்தை வடிகட்டி 0, 1 என்ற எண் வரிசையாக்குகிறார்கள். டாக்மனின் முறையில் 2048 பிட்கள், அதாவது 256 பைட்.

5. புதிய வரிசையையும் பதிவில் உள்ள வரிசையையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, எத்தனை பங்கு மாறுபடுகிறது என்று எண்ணுகிறார்கள். இதற்கு ஹேமிங் தூரம் என்று பெயர்.

கடைசிப் படிதான் தீர்ப்பு. இரண்டு பேர் தனித்தனியாக நாணயம் சுண்டினால் பாதி முறை ஒத்துப்போகும், பாதி முறை போகாது. அதேபோல் வேறு வேறு கண்களின் வரிசைகள் ஏறத்தாழ 0.5 என்ற தூரத்தில் நிற்கும். ஒரே கண் என்றால் தூரம் அதைவிட வெகுவாகக் குறைவு. நடுவில் ஒரு கோடு போட்டு, பொதுவாக 0.32 அல்லது 0.33 அளவில், அதற்குக் கீழே வந்தால் அதே ஆள் என்று ஏற்கிறார்கள்.

ஒரே கண்ணின் இரண்டு படங்களுக்கு இடையிலான தூரத்தை லென்ஸ் எவ்வளவு கூட்டுகிறது, அது கோட்டைத் தாண்டுகிறதா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

## எந்த லென்ஸ் என்ன செய்யும்

எல்லா லென்ஸையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

நிறமற்ற சாஃப்ட் லென்ஸ். பவருக்காகப் போடப்படுவதில் பெரும்பான்மை இதுதான். ஐரிஸின் குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். சாஃப்ட் லென்ஸின் குறுக்களவு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். ஆகவே லென்ஸின் விளிம்பு ஐரிஸுக்கு வெளியே, வெண்விழியின் மேல் விழுகிறது. மென்மையான பொருள் என்பதால் கார்னியாவின் வளைவோடு ஒட்டிப் படிந்துவிடும். கையில் எடுக்கும்போது தெரிவதற்காகச் சில லென்ஸ்களில் இளநீலச் சாயம் இருக்கும். அது கருவிக்குப் பொருட்டே அல்ல.

அப்படியென்றால் துளியும் பாதிப்பு இல்லையா? நீண்ட காலம் துறையில் அப்படித்தான் கருதினார்கள். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கேள்விக்கு உள்ளாக்கியது. லென்ஸ் அணியும் 87 பேரின் சுமார் 12,000 படங்களையும், அணியாத 124 பேரின் படங்களையும் வைத்துச் சோதித்தார்கள். சாதாரணப் பவர் லென்ஸாலும் அடையாளம் காணும் திறன் குறைகிறது என்றும், ஐரிஸின் மேல் லென்ஸ் பதிக்கும் தடம் பெரிதாக ஆக ஆகக் குறைவும் கூடுகிறது என்றும் தெரிந்தது. லென்ஸ் விலகி அதன் விளிம்பு வட்டமாக விழுவது, லென்ஸில் பொறித்த எழுத்து தெரிவது, லென்ஸ் காய்ந்து படம் மங்குவது எல்லாம் இந்தத் தடங்களில் சேர்த்தி. ஆனாலும் இந்த வகையில் ஏற்படும் பாதிப்பு அன்றாடப் பயன்பாட்டைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. ஒருமுறை ஏற்காவிட்டால் கண்ணை நன்றாகச் சிமிட்டிவிட்டு மறுபடி காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹார்டு லென்ஸ். காற்று ஊடுருவும் கெட்டி லென்ஸை ஆர்ஜிபி என்கிறார்கள். கார்னியா கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு இதை அதிகம் எழுதித் தருகிறார்கள். இதன் குறுக்களவு 9, 10 மில்லிமீட்டர்தான், ஐரிஸைவிடச் சிறியது. எனவே அதன் விளிம்பு நேராக ஐரிஸின் நடுவிலேயே ஒரு வட்டமாக விழுகிறது. எல்லையைத் தேடும் மென்பொருள் அந்த வட்டத்தை ஐரிஸின் வெளிவிளிம்பு என்று எடுத்துக்கொண்டால், வளையத்தைச் செவ்வகமாக்கும் படியே கோணலாகிவிடும். பிறகு வரும் 2048 பிட்களும் இடம் மாறிப்போகும். இமைக்கும்போது இந்த லென்ஸ் நகர்வதால் வட்டம் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழும். சாஃப்ட் லென்ஸைவிட இதில் நிராகரிப்பு அதிகம். வெண்விழி வரை பரவும் பெரிய ஸ்கிலீரல் லென்ஸில் விளிம்புத் தொல்லை இல்லை. ஆனால் லென்ஸுக்கு அடியில் தேங்கும் நீர் கலங்கினால் படம் மங்கும்.

கலர் லென்ஸ். உண்மையான சிக்கல் இங்கேதான். கல்யாண மேக்கப்பிலும் சினிமாவிலும் நாம் பார்க்கும் சாம்பல், நீலம், தேன் நிறக் கண்களெல்லாம் இந்த வகை. பழுப்புக் கண்ணை மறைக்க வெறும் சாயம் போதாது என்பதால், ஒளி புகாத மையில் நுண்புள்ளிகளால் ஐரிஸ் போன்ற கோலத்தை அச்சடிக்கிறார்கள். பாப்பாவுக்கு நேரான நடுப்பகுதி மட்டும் தெளிவாக விடப்பட்டிருக்கும்.

கேமரா இப்போது பார்ப்பது பெரும்பகுதி அச்சுக் கோலத்தை. அதன் விளைவுகள் பல:

1. உண்மையான இழைகள் மறைகின்றன. பதிவில் உள்ள வரிசையோடு ஒப்பிட்டால் தூரம், வேற்றாள் கண்ணுக்குரிய 0.5 பக்கம் போய்விடுகிறது.

2. வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும்போது, லென்ஸின் தெளிவான நடுப்பகுதி வழியாக உண்மையான ஐரிஸின் ஒரு மெல்லிய வளையம் எட்டிப்பார்க்கும். ஒரே படத்தில் இரண்டு கோலங்கள். எது பாப்பாவின் விளிம்பு என்பதிலேயே மென்பொருள் தடுமாறும்.

3. கண்ணைப் பெரிதாகக் காட்டும் வளைய லென்ஸ்கள் வெளிவிளிம்பில் ஒரு கரிய பட்டையைச் சேர்க்கின்றன. ஐரிஸின் வெளி எல்லை உண்மையான இடத்திலிருந்து தள்ளிப்போகிறது.

4. லென்ஸ் கண்ணில் சுழலும், வழுக்கும். தலை சற்றுச் சாய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யக் கருவி சில பாகை திருப்பிப் பார்க்கும். ஆனால் லென்ஸின் சுழற்சி அந்த எல்லைக்குள் நிற்கும் என்று சொல்ல முடியாது. எனவே பதிவின்போதும் சோதனையின்போதும் அதே லென்ஸைப் போட்டிருந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் தவறு.

கண்ணாடியில் பார்க்கும்போது எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்துப் பாதிப்பை அளக்க முடியாது. கேமரா பார்ப்பது அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில். மையைப் பொறுத்து, நம் கண்ணுக்குப் பளிச்சென்ற லென்ஸ் கேமராவுக்கு மெலிதாகத் தெரியலாம். இயல்பாகத் தோன்றும் பழுப்பு லென்ஸ் அழுத்தமான கோலமாகத் தெரியலாம். "இது நேச்சுரல் கலர்தான், பரவாயில்லை" என்று கடைக்காரர் சொல்வது இந்த விஷயத்தில் பயன்படாது.

டெல்லியில் உள்ள இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2013இல் 101 பேரை லென்ஸ் இல்லாமல், நிறமற்ற லென்ஸோடு, கலர் லென்ஸோடு என மூன்று விதமாகப் படமெடுத்து ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கினார்கள். இந்தியக் கண்களை வைத்துச் செய்த வேலை என்பதால் நமக்கு முக்கியமானது. நிறமற்ற லென்ஸால் வரும் இறக்கத்தைவிடக் கலர் லென்ஸால் வரும் இறக்கம் மிக அதிகம் என்பதை அவர்களுடைய சோதனையும் காட்டியது.

## தெரியாத ஆள் ஆவதும் வேறு ஆள் ஆவதும்

அடையாளக் கருவி இரண்டு விதமாகத் தவறலாம். உரிய ஆளை "இவர் அவரல்ல" என்று தள்ளுவது ஒன்று. வேற்றாளை "இவர்தான் அவர்" என்று ஏற்பது இன்னொன்று. லென்ஸ் பெருக்குவது முதல் வகைத் தவறை.

இரண்டாவது வகை ஏன் கடினம்? ஐக்கிய அரபு அமீரகத்தின் எல்லைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த 6,32,500 கண்களின் பதிவுகளை டாக்மன் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 20,000 கோடி ஒப்பீடுகளின் முடிவை 2006இல் வெளியிட்டார். வேறு வேறு கண்கள் தற்செயலாக நெருங்கி வருவது எவ்வளவு அரிது என்பதற்கு இதுவரை உள்ள வலுவான சான்றுகளில் இது ஒன்று. கடையில் வாங்கிய லென்ஸின் கோலம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கண்ணோடு தானாகப் பொருந்த வழியே இல்லை. பொருந்த வைக்க வேண்டுமானால் அந்த மனிதரின் ஐரிஸைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டும், அகச்சிவப்பில் சரியாகத் தெரியும் மையில் தனியாக லென்ஸ் அச்சடிக்க வேண்டும், அது கண்ணில் சுழலாமல் நிற்கவும் வேண்டும்.

லென்ஸால் கருவியை ஏமாற்றினார்கள் என்று பேசப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 மே மாதம் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு, சாம்சங் கேலக்ஸி எஸ்8 ஃபோனின் கருவிழிப் பூட்டைத் திறந்து காட்டியது. அதில் லென்ஸை யாரும் கண்ணில் போடவில்லை. ஃபோன் உரிமையாளரின் கண்ணை இரவுப் படமெடுக்கும் நிலையில் கேமராவால் எடுத்து, லேசர் பிரின்டரில் அச்சிட்டு, அந்தத் தாளின் மேல் ஒரு சாதாரண காண்டாக்ட் லென்ஸை வைத்தார்கள். தட்டையான தாளுக்குக் கண்ணின் வளைவைக் கொடுப்பது மட்டுமே லென்ஸின் வேலை. உயிருள்ள கண்ணா என்று அந்த ஃபோன் போதுமான அளவு சோதிக்காததுதான் அங்கே ஓட்டை.

இப்போது முதல் வகைத் தவறுக்கு வருவோம். அதன் எடை, கருவி கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

ரேஷன் கடையிலும் ஆதார் சரிபார்ப்பிலும் கேள்வி "இந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா?" என்பது. ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு. கலர் லென்ஸ் போட்டவர் இங்கே தள்ளப்பட்டால் நஷ்டம் அவருக்குத்தான். பொருள் கிடைக்காது, மறுபடி வரவேண்டும். தவறானவர் யாரும் உள்ளே நுழைவதில்லை.

அமீரகத்தின் எல்லையில் கேள்வி தலைகீழ். 2001 முதல் நாடுகடத்தப்பட்டவர்களின் கருவிழியைப் பதிவுசெய்து, உள்ளே வருபவர்களின் கண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வரும் நம்மூர்க்காரர்களில் பலர் இந்தச் சோதனையைக் கடந்திருப்பார்கள். இங்கே "பட்டியலில் இல்லை" என்ற விடைதான் கதவைத் திறக்கிறது. அதனால் ஏய்க்க நினைப்பவருக்கு வேறொருவராக மாற வேண்டிய தேவையே இல்லை. தெரியாத ஆளானால் போதும். இது வெறும் கற்பனை அல்ல. திரும்பி வர முயன்ற சிலர் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தார்கள். பாப்பா அளவுமீறி விரிந்தால் ஐரிஸ் மெல்லிய வளையமாகச் சுருங்கி ஒப்பீடு கெட்டுவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு, ஐரிஸோடு ஒப்பிடப் பாப்பா எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனையைச் சேர்த்தார்கள். கோலம் அச்சடித்த லென்ஸும் அதே ஓட்டையைத்தான் குறிவைக்கும். கண்காணிப்புப் பட்டியலை வைத்து வேலை செய்யும் எந்த அமைப்பும் லென்ஸைத் தனியாகக் கண்டறியாமல் நம்பத் தகுந்தது ஆகாது என்பேன்.

ஆதாரில் புதிதாகப் பதிவு செய்யும்போதும் இதே தலைகீழ்க் கேள்வி உண்டு: "இவர் ஏற்கெனவே பதிவானவரா?" ஆனால் அங்கே பத்து விரல், இரண்டு கண் எல்லாம் சேர்த்து எடுக்கப்படுவதால் லென்ஸ் மட்டும் ஒருவரை மறைத்துவிடாது.

## பதிவு நாளில் போட்ட லென்ஸ்

சோதனை நாளில் கலர் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி முயலலாம். பதிவு நாளில் போட்டிருந்தால்? பதிவுக் கிடங்கில் உட்கார்ந்திருப்பது லென்ஸின் கோலம். அதன் பிறகு அந்த மனிதர் வெறுங்கண்ணோடு எத்தனை முறை போனாலும் ஏற்காது. ஏன் ஏற்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது, கருவி வைத்திருப்பவருக்கும் தெரியாது. இயந்திரக் கோளாறு என்றோ கண்ணில் ஏதோ குறை என்றோ நினைத்து அலைவார்.

பதிவு மென்பொருள் படத்தின் தரத்தைச் சோதிக்கும். கூர்மையாக இருக்கிறதா, ஐரிஸின் போதிய பகுதி தெரிகிறதா என்றெல்லாம் பார்க்கும். அழகாக அச்சடித்த லென்ஸ் இந்தச் சோதனைகளில் நல்ல மதிப்பெண்ணே வாங்கிவிடக்கூடும். ஆகவே பதிவு செய்பவர் "லென்ஸ் போட்டிருக்கிறீர்களா?" என்று வாயால் கேட்பது, கருவியின் எந்தத் தரச்சோதனையையும்விடப் பயனுள்ளது.

## லென்ஸைக் கருவியே கண்டுபிடிக்காதா?

ஓரளவு கண்டுபிடிக்கும். அச்சுப் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் இருக்கும்; இயற்கையான ஐரிஸில் அந்த ஒழுங்கு இருக்காது. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைப் பிரித்துக்காட்டும் ஃபூரியர் கணக்குக்குப் படத்தை உட்படுத்தினால் அச்சின் ஒழுங்கு தனித்த முகடுகளாகத் தலைகாட்டும் என்று டாக்மனே காட்டினார். பிறகு கோல நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டு பிரிக்கும் முறைகளும், இன்று நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) முறைகளும் வந்திருக்கின்றன. இரண்டு பக்கத்திலிருந்து மாறிமாறி ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறையும் உண்டு: லென்ஸின் மேல் உள்ள அச்சின் நிழல் ஒளியின் திசைக்கேற்ப ஐரிஸில் இடம் மாறி விழும், படம் படத்துக்கு வேறுபாடு தெரியும்.

ஆனால் உயிருள்ள கண்ணா என்று பார்க்கும் எளிய சோதனைகள் இங்கே உதவாது. ஒளி பட்டால் பாப்பா சுருங்குகிறதா என்று பார்த்தால், சுருங்கத்தான் செய்யும். லென்ஸுக்குப் பின்னால் இருப்பது உயிருள்ள கண்தானே.

இன்னொரு தடை, புதிய பிராண்டுகள். சில நிறுவனங்களின் லென்ஸ்களை வைத்துப் பயிற்றுவித்த மென்பொருள், தான் பார்த்திராத நிறுவனத்தின் கோலத்தைக் கண்டால் துல்லியம் இழக்கிறது என்பதை நோட்ர டாம் ஆய்வாளர்கள் 2013இலேயே காட்டினார்கள். கேமரா மாறினாலும் இதே தொல்லை. அதே ஆண்டு தொடங்கிய லிவ்டெட் ஐரிஸ் என்ற பன்னாட்டுப் போட்டியில், தாளில் அச்சிட்ட கண்களோடு கோல லென்ஸ்களும் சோதனைப் பொருள்களாக வைக்கப்பட்டன.

## கண்புரை லென்ஸ் வேறு

"கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறார்கள்" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் கண்புரை அறுவைக்குப் பின் பொருத்தும் லென்ஸை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992 முதல் தயாரித்துவருவது இந்த வகை. இது ஐரிஸுக்குப் பின்னால் இருப்பதால் கேமராவை மறைக்காது. ஆனால் அறுவை சிலருக்கு ஐரிஸின் அமைப்பையே சற்று மாற்றிவிடலாம். அறுவைக்கு முன் எடுத்த பதிவோடு சில கண்கள் பொருந்தவில்லை என்று பிரேசிலில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அறுவைக்குப் பிறகு தொடர்ந்து நிராகரிக்கப்பட்டால் பதிவைப் புதுப்பிப்பதுதான் வழி.

## லென்ஸ் அணிபவர்கள் செய்ய வேண்டியவை

1. பதிவுக்கோ பதிவைப் புதுப்பிக்கவோ போகும் நாளில் எந்த லென்ஸும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியோடு போய், படமெடுக்கும்போது அதையும் கழற்றுங்கள். கண்ணாடியில் கருவியின் விளக்கு பிரதிபலித்து ஐரிஸை மறைக்கும்.

2. அன்றாடச் சரிபார்ப்புக்கு நிறமற்ற சாஃப்ட் லென்ஸோடு போகலாம். ஏற்காவிட்டால் சிமிட்டிவிட்டு மறுபடி, அப்புறம் மறு கண்ணால் முயலுங்கள்.

3. கலர் லென்ஸோ ஹார்டு லென்ஸோ என்றால் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கடை வாசலில் கைகழுவாமல் லென்ஸைத் தொட்டுக் கண்ணில் தொற்று வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சரிபார்ப்பும் அவசரமானதல்ல.

4. முன்பு பதிவின்போது கலர் லென்ஸ் போட்டிருந்ததாக நினைவிருந்தால், ஆதார் சேவை மையத்தில் கருவிழிப் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள்.

சிலருக்கு லென்ஸைக் கழற்றினாலும் பயனில்லை. காயத்தாலோ நோயாலோ கார்னியா வெளுத்துப்போனவர்கள், பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்கள் நிறமிட்ட லென்ஸைத் தோற்றத்துக்காகவும் கூசும் வெளிச்சத்தைத் தடுக்கவும் அணிகிறார்கள். லென்ஸை எடுத்தால் கேமராவுக்குப் படிக்க ஐரிஸே கிடைக்காது. இவர்களை மறுபடி மறுபடி கருவிமுன் நிறுத்துவது கொடுமை. விரலோ கண்ணோ பதிவு செய்ய முடியாதவர்களுக்கு ஆதாரிலேயே விதிவிலக்குப் பதிவு இருக்கிறது. சரிபார்ப்பில் கைரேகை உண்டு, பதிவான கைபேசிக்கு வரும் ஓடிபி உண்டு. கைரேகை, கருவிழி போன்ற உயிர்க்குறிச் (பயோமெட்ரிக்) சரிபார்ப்பு தோற்றது என்ற ஒரே காரணத்துக்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கடையில் கருவி ஏற்காதபோது கேட்டு வாங்க வேண்டியது இந்த மாற்று வழியைத்தான்.